பின்சக்கரத்தின் மூட்டு

எங்கள் வீடு வடமாலபேட்டையில், சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் திருப்பதியை ஒட்டிய செட்டிப்பல்லி ரயில்பெட்டிப் பணிமனையில் ஃபிட்டர் வேலை. பக்கத்திலேயே பூடி ரயில் நிலையம் இருந்தும் ஷிப்டு நேரத்துக்கு ரயில் ஒத்துவராது. அதனால் ரேணிகுண்டா வழியாகத் தினமும் போக வர புல்லட்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 350. தொண்ணூறுகளில் அதன் ஸ்விங் ஆர்மை அவர் வீட்டு வாசலிலேயே கழற்றிப் புஷ் மாற்றினார். நான் வண்டி வேலை கற்றுக்கொண்டது அந்த வாசலில்தான். பிற்பாடு பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் நான் பார்த்த எதுவும் அன்று கற்றதைப் பொய்யாக்கவில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களிலேயே பலருக்கு ஸ்விங் ஆர்ம் இருப்பது தெரியாது. பின்சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகள் அவை. எஞ்சினுக்குப் பின்னால், சேஸின் குறுக்கே போகும் ஒரே ஒரு நீள போல்ட்டில் அந்தக் கைகள் மாட்டியிருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த போல்ட்டைச் சுற்றித்தான் அசையும். பின்பாரம் முழுவதும், செயின் இழுக்கிற இழுப்பு முழுவதும், பிரேக் பிடிக்கும்போது வருகிற முரட்டு வேகமும் அந்த மூட்டுக்குத்தான் வந்து சேரும். மேலே சீட்டு, பக்கத்தில் டூல் பாக்ஸ், கீழே செயினிலிருந்து தெறித்த எண்ணெய்ச் சேறு. கண்ணுக்குத் தெரியாத இடம். அதனால் கையும் அங்கே போவதில்லை.

ஒரு காலத்தில் இந்த மூட்டே கிடையாது. பின்சக்கரம் நேராக சேஸில் பூட்டியிருக்கும்; பள்ளத்தின் அடி அப்படியே இடுப்பில் இறங்கும். இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு, 1948இல் பந்தயங்களில் ஓட்டிப் பார்த்து, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 350 புல்லட்டில் ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக் அப்சார்பரும் இருந்தன. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததும், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானதும், அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்ததும் பலர் அறிந்த கதை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு புல்லட் நிற்கிறதென்றால் அது நூறு மைலுக்குள் பிறந்த வண்டி. நைனாவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. பாகம் வேண்டுமென்றால் புத்தூரில் ரயில் ஏறி, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு இரவுக்குள் திரும்பிவிடுவார்.

வண்டியில் கோளாறு முதலில் தெரிந்தது மாம்பழ சீசனில். சித்தூர் மாவட்டத்து மாங்காய் முழுக்கச் சாலைக்கு வருகிற ஜூன், ஜூலை மாதங்கள். லோடு லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனால், அந்தக் காற்றுக்கு வண்டியின் பின்பக்கம் தனியாக ஒரு அசைவு அசைந்து நிற்கும். முன்சக்கரம் நேராகப் போகிறது, பின்சக்கரம் வேறு எதையோ யோசிக்கிறது என்று நைனா சொன்னார். வளைவில் சாய்த்தால் ஒருமுறை சாய்ந்த பிறகு இன்னொரு முறை சாயும். பின்பிரேக்கை மிதித்தால் சீட்டுக்கு அடியிலிருந்து ‘கட்’ என்று ஒரு சத்தம். அவசரத்தில் வழியில் ஒரு ஷெட்டில் காட்டினார். அங்கே இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிக் காசு வாங்கினார்கள். சத்தம் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் அவரே உட்கார்ந்தார். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. அவர்கள் வீக்கத்தைப் பார்த்தவுடன் கட்டுப் போடுவதில்லை. விரலால் தடவி, எந்த இடத்தில் எலும்பு விலகியிருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் மூங்கில் பத்தையைக் கையில் எடுப்பார்கள். நைனாவும் வண்டிக்கு அதைத்தான் செய்தார். மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆட்டம் இருந்தது. ஆனால் ஆட்டம் சக்கரத்தின் பேரிங்கில் இருந்தும் வரலாம், ஸ்விங் ஆர்ம் மூட்டிலிருந்தும் வரலாம். வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

“வாடா இங்கே, விரலைக் கொடு” என்று என்னைக் கூப்பிட்டார். சேஸும் ஸ்விங் ஆர்மும் சந்திக்கும் இடுக்கில், இரண்டு இரும்பிலும் பாதிப் பாதி படும்படி என் சுண்டுவிரலை வைக்கச் சொன்னார். அப்புறம் சக்கரத்தை விட்டுவிட்டு, ஆர்மின் கடைக்கோடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் தள்ளினார். விரலுக்குக் கீழே ஒரு இரும்பு நின்றது, ஒரு இரும்பு நகர்ந்தது. நகர்ந்தது ஒரு முடி அளவுதான். ஆனால் சந்தேகமே இல்லை. சக்கரத்தின் பேரிங் போயிருந்தால் இந்த இடத்தில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. மூட்டில் முடி அளவு ஆட்டம், கை நீளத்துக்கு அந்தப் பக்கம் சக்கரம் தரையைத் தொடுகிற இடத்தில் இரண்டு மூன்று மடங்காகும். வண்டி ஏன் இரண்டுமுறை சாய்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருந்தது.

வேலையை வார விடுமுறை நாளில் வைத்துக்கொண்டார். காலையிலேயே வாசலில் சாணம் தெளித்த இடத்துக்கு அடுத்து ஒரு சாக்கை விரித்தார். அதன் பக்கத்தில் பழைய தினத்தந்தித் தாள். கழற்றுகிற ஒவ்வொரு நட்டும் வாஷரும் கழன்ற வரிசையிலேயே தாளின் மேல் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். நடுவில் யாரும் தாண்டக் கூடாது. அம்மா அன்று கோலத்தையே சற்றுத் தள்ளிப் போட்டாள்.

செயின் லாக்கைக் கழற்றிச் செயினை உருவினார். பின்சக்கரம் வந்தது. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுகள், செயின் கவர், இடைஞ்சலாக இருந்த சைலன்சர் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. அந்த நீள போல்ட்டு மட்டும் வரவில்லை. நட்டு கழன்றது, போல்ட்டு அசையவே இல்லை. எத்தனையோ மழைக்காலத்துத் தண்ணீர் உள்ளே இறங்கித் துருவாகிப் போல்ட்டையும் குழாயையும் ஒன்றாக்கியிருந்தது.

இந்த இடத்தில்தான் பல வண்டிகள் சாகின்றன. பொறுமை போய்ச் சுத்தியலை ஓங்குவார்கள். போல்ட்டின் மரை மழுங்கி, முனை காளானாக விரிந்து, அப்புறம் எந்தப் பக்கமும் வராது. நைனா டீசலையும் பழைய எஞ்சின் ஆயிலையும் கலந்து இரண்டு பக்கமும் சொட்டு சொட்டாக விட்டார். பிறகு சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். சாயங்காலம் வந்து இன்னொரு தடவை விட்டார். மறுநாள் ஷிப்டு முடிந்து வந்த பிறகு, கழற்றிய நட்டையே போல்ட்டின் முனையோடு சமமாக நிற்கும்படி திரும்ப முடுக்கினார், அடி மரையில் படாமல் இருக்க. அதன்மேல் ஒரு பித்தளைத் துண்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் காதைக் கொடுத்தார். முதலில் கெட்டியான சத்தம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் மாறியது. “பிடிப்பு விட்டுடுச்சு” என்று சொன்னபோது போல்ட்டு ஒரு நெல்லளவுகூட வெளியே வந்திருக்கவில்லை. ஆனால் உண்மையிலேயே விட்டிருந்தது. அதற்கப்புறம் ஒரு கம்பியை வைத்துத் தள்ளியதும் உருவிக்கொண்டு வந்தது.

ஆர்மைக் கையில் எடுத்துப் புஷ்ஷைப் பார்த்தோம். புஷ் என்பது இரும்புக் கண்ணுக்குள் அழுத்திப் பொருத்திய ஒரு மெல்லிய உலோகக் குழாய். அசைகிற இரண்டு இரும்பும் நேராக உரசாமல் நடுவில் தான் தேய்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. செயின் இருக்கும் இடப்பக்கத்துப் புஷ் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. செயின் எப்போதும் அந்தப் பக்கமே இழுப்பதால் அப்படி ஆகும். அந்த வித்தியாசத்தை வெர்னியரில் எனக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார்.

பழைய புஷ்ஷை அடித்து எடுக்கவில்லை. நீளமான ஒரு போல்ட்டு, ஒரு பக்கம் புஷ்ஷின் வெளிவட்டத்துக்குச் சற்றுச் சின்னதாக ஒரு வாஷர், மறுபக்கம் புஷ் உள்ளே வந்து விழும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு. நட்டை முடுக்க முடுக்கப் புஷ் தானாகக் குழாய்க்குள் நகர்ந்து வந்தது. கடையில் விற்கிற புல்லர் செய்கிற அதே வேலை. ரயில்பெட்டிக்கு அடியில் வேலை செய்தவருக்கு இதெல்லாம் கைவந்த பழக்கம். இடிப்பதைவிட இழுப்பது நல்லது என்று அவர் அடிக்கடி சொல்வார்.

புதுப் புஷ் புத்தூர் லேத்துப் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்தது. பட்டறைக்காரர் தெலுங்கு பேசுவார், நைனா தமிழில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் அளவு மில்லிமீட்டரில். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது புத்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதனால் யாருக்கும் வேலை நின்றதில்லை. புஷ்ஷின் உள்பக்கம் கிரீஸ் நிற்க ஒரு சாய்ந்த காடி வெட்டச் சொன்னார் நைனா. உள்ளளவை ஒரு இழை சின்னதாகவே விடச் சொன்னார். ஆர்முக்குள் அழுத்தினால் புஷ் கொஞ்சம் சுருங்கும். சுருங்கிய பிறகு ரீமர் போட்டுச் சரி பார்ப்பதுதான் முறை. முதலிலேயே சரியாகக் கடைந்துவிட்டு, அழுத்திய பிறகு போல்ட்டு நுழையவில்லை என்று எமரி பேப்பரால் தேய்ப்பவர்கள் புதுப் புஷ்ஷிலேயே முட்டை வடிவத்தை உண்டாக்கிவிடுகிறார்கள்.

பொருத்திய விதத்தை இன்றும் மறக்க முடியாது. ஆர்மை மதியம் முழுக்க மொட்டை மாடி வெயிலில் போட்டுவைத்தார். வெறும் கையால் தொட முடியாத சூடு. புஷ்ஷைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைத்தார். 30 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கன்மெட்டல் 40 டிகிரி குளிர்ந்தால், ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு சுருங்கும். கேட்டால் ஒன்றுமே இல்லை போலிருக்கும். ஆனால் இறுக்கிப் பொருத்துகிற வேலைக்கு அந்த அளவே போதும். சுத்தியல் இல்லாமல், வைஸில் வைத்து முறுக்கியதிலேயே புஷ் நேராக இறங்கி உட்கார்ந்தது. சற்று நேரத்தில் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டன.

பிறகு ரீமர், மண்ணெண்ணெயில் கழுவல், காடி நிரம்பக் கிரீஸ், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் கெட்டி வாஷர்கள், எல்லாம் வரிசையாக. போல்ட்டை முடுக்கிய பிறகு, சக்கரமும் ஷாக்கும் இல்லாத வெறும் ஆர்மைத் தரைக்குச் சமமாகத் தூக்கி விட்டார். அது தன் எடையில் மெதுவாக இறங்கியது. தொப்பென்று விழுந்தால் ஆட்டம் மிச்சம் இருக்கிறது. தூக்கிய இடத்திலேயே நின்றால் இறுக்கம் அதிகம். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். உலோகப் புஷ்ஷோ ரோலர் பேரிங்கோ போட்ட வண்டிக்கு இது பொருந்தும். ரப்பர் புஷ் வைத்த வண்டிகளுக்குக் கணக்கே வேறு. அங்கே ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு அசைவைக் கொடுக்கிறது. அதற்குக் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் அதன் நட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும். தொங்குகிற நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

செயின் வேலையையும் அதே வேகத்தில் முடித்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ் போட்டு, வெயிலில் உலர்த்தி, 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாக விட்டு, வழிந்ததை முழுக்கத் துடைத்தார். வழிய விட்டால் அந்த எண்ணெயிலேயே மண் ஒட்டி அரமாகிவிடும். செயின் லாக்கின் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் போனால், ஏதாவது தட்டி ஓட்டத்திலேயே கிளிப் கழன்றுவிடும். புல்லட்டில் செயினை இழுத்து வைக்க அச்சின் இரு பக்கமும் நத்தை வடிவத்தில் பல்வெட்டிய தட்டுகள் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே பல்லில் நிறுத்தினால் சக்கரம் நேராக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நைனா அதை நம்பவில்லை. கொத்தனார் நூலை எடுத்து, பின் டயரின் பக்கவாட்டில் தொட்டபடி முன் டயர் வரை இழுத்துப் பிடித்தார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். இரண்டு பக்கமும் நூல் ஒரே மாதிரி நின்ற பிறகுதான் அச்சு நட்டை முடுக்கினார்.

அடுத்த நாள் காலையில் ரேணிகுண்டா சாலையில் வண்டி ஓடியதை நான் பின்னால் உட்கார்ந்து உணர்ந்தேன். லாரி கடந்து போனது. வண்டி போன வழியிலேயே போனது.

பல ஆண்டு கழித்து வேலைக்காக மஸ்கட் போனேன். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் செயினே இல்லாத வண்டிகள் வந்து நிற்கும். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு சுழலும் தண்டு, அதன் முனையில் கார் டிஃபரன்ஷியலில் இருப்பது போன்ற கூம்புப் பற்சக்கரங்கள். இது புதுச் சங்கதி அல்ல. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905 வாக்கிலேயே நாலு சிலிண்டர் வண்டியில் இப்படிச் செய்தது. பி.எம்.டபிள்யூ.வின் முதல் மோட்டார் சைக்கிளான 1923ஆம் ஆண்டு ஆர் 32, ஷாஃப்ட் வண்டிதான். 1955இல், திருவொற்றியூர்க் கம்பெனி உருவான அதே ஆண்டில், பி.எம்.டபிள்யூ. அந்த ஷாஃப்டை ஸ்விங் ஆர்மின் ஒரு கைக்குள்ளேயே வைத்து மூடியது. 1980இல் இன்னொரு கையையே எடுத்துவிட்டது. ஒற்றைக் கை, அதுவே மூட்டு, அதுவே ஷாஃப்டின் உறை.

செயினுக்கு எண்ணெய் விட வேண்டாம், இழுத்து வைக்க வேண்டாம் என்பதால் ஷாஃப்டுக்கு வேலையே கிடையாது என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்த ஒருவரின் வண்டியை ஒருநாள் பிரித்தேன். ரப்பர் உறையின் பிடியைத் தளர்த்தி, பின்சக்கரப் பெட்டியைக் கீழே ஒரு கட்டை கொடுத்துத் தாங்கி, மெதுவாகச் சாய்த்து இறக்கினேன். உள்ளிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள் வறண்டு துருப்பிடித்திருந்தன. பெட்டி சாய்கிற இடத்துச் சின்ன ஊசி ரோலர் பேரிங்குகளில் பாதி பொடியாகியிருந்தது. பற்களைத் துடைத்து, மாலிப்டினம் கலந்த பசையை மெலிதாகத் தடவி, பேரிங்கை மாற்றி, ஷாஃப்டின் இரு முனை மூட்டும் ஒரே வாக்கில் நிற்கும்படி பார்த்துப் பூட்டினேன். அந்த வாக்கு தவறினால் ஷாஃப்ட் சீராகச் சுற்றாமல் விட்டு விட்டு இழுக்கும். பூட்டுவதற்கு முன் பழக்கத்தில் என் சுண்டுவிரல் தானாக அந்த இடுக்குக்குப் போனது. வடமாலபேட்டை வாசலில் கற்றது கடல் தாண்டியும் அப்படியே செல்லும்.

இப்போது ஊரில் இருக்கிறேன். இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஸ்விங் ஆர்முக்கு ஊசி ரோலர் பேரிங்தான். நன்றாகச் செய்த பொருள். கிரீஸ் உள்ளே இருக்கும்வரை பல ஆண்டு சத்தமில்லாமல் ஓடும். அதற்கு எமனாக இருப்பது வாட்டர் சர்வீஸ். அழுத்தமான தண்ணீரை அந்த மூட்டின் சீல் மேல் நேராக அடித்தால், கிரீஸ் வெளியே போய்த் தண்ணீர் உள்ளே தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே ரோலர் துருப்பிடிக்கும். நான் பிரித்த துருப்பிடித்த பேரிங்குகளில் பெரும்பாலானவை அடிக்கடி கழுவப்பட்ட வண்டிகளிலிருந்து வந்தவை. வருஷா வருஷம் ஒரு டப்பா கிரீஸுக்குச் செலவழித்த வண்டியில் அப்படி நான் பார்த்ததில்லை.

புரட்டாசி மாதத்தில் சென்னை, திருவள்ளூர், திருத்தணிப் பக்கங்களிலிருந்து எத்தனையோ பேர் பைக்கில் எங்கள் ஊரைத் தாண்டித் திருமலைக்குப் போகிறார்கள். முன்னால் பெட்ரோல் டேங்கில் குழந்தை, பின்னால் மனைவி, பக்கத்தில் பை. முழு பாரத்தோடு மலைப்பாதையில் ஏறி, திரும்பும்போது 1944இல் திறந்த பழைய பாதையின் வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குகிறார்கள். பின்சக்கரத்தின் மூட்டுக்கு அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. கிளம்புவதற்கு முன் காற்றுப் பார்க்கிறீர்கள், பெட்ரோல் பார்க்கிறீர்கள். கூடவே வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, சேஸும் ஸ்விங் ஆர்மும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்து, ஆர்மின் முனையை இன்னொருவரைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் அந்த வண்டியை அன்று மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். பஸ்ஸில் போய்விட்டு வந்து, முதல் வேலையாகப் புஷ்ஷை மாற்றுங்கள்.